நிறுத்துவதென்றால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

போன மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்த தொடரை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வந்த பகுதியில் ஒரு பெண் கையில் பெட்டியோடு ரயில் மேடையில் நிற்கிறாள். ரயில் வருகிறது. ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பிப் போனாளா என்று தெரிவதற்குள் எழுத்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. அடுத்த பருவத்தில் சொல்வார்கள் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். ஒரு நாள் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, உங்கட நாடகம் கான்சல். ரினியூ பண்ணேல்லையாம்."

"ஏனாம்?"

"கடைசி வரைக்கும் பாத்த ஆக்கள் குறைவாம். கம்பியூட்டர் எண்ணுமாம்."

"நான் கடைசி வரைக்கும் பாத்தனான்தானே. என்னை எண்ணேல்லையே?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடரை நிறுத்திய அதே நிறுவனம், பத்துப் பதினைந்து பேரை ஒரு வீட்டில் அடைத்துவைத்துச் சண்டை பிடிக்க விடுகிற நிகழ்ச்சியைத் திரும்பவும் புதுப்பித்திருக்கிறது. அதற்கு விளம்பரம் வேறு. நிறுத்தியதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. அந்தப் பெண் இன்னும் ரயில் மேடையில்தான் நிற்கிறாள்.

நான் கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. படித்ததும் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரச் சோதனை வரைக்கும்தான். கோபம் வந்தால் குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் தேய்ப்பேன். அன்றைக்குத் தேய்க்கச் சட்டி மிச்சமில்லை. அதனால் எழுதுகிறேன். பொடியனுக்கு விளங்காத கோபம் என் வயதுக்காரர்களுக்கு விளங்கும். ஒரு செவ்வாய்க்கிழமைக்காக ஆறு நாள் காத்திருந்தவர்கள் நாங்கள்தானே. இந்தக் கோபம் ஒரு மாதத்துக் கோபமும் இல்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தொடங்கியது.

அது மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பு முழுக்க மின்வெட்டு நடந்த காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பின் இரண்டாவது தட்டில் இருந்தோம். பகுதி பகுதியாகக் கரண்ட் வெட்டுவார்கள். எங்களுக்கு இருட்டாக இருக்கும்போது தெகிவளையில் வெளிச்சம், அவர்களுக்கு இருட்டு என்றால் எங்களுக்கு வெளிச்சம் என்று அப்பா சொல்வார். அட்டவணை பத்திரிகையில் வரும். ஆனால் அதன்படி நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கரண்ட் போனதும் மின்விசிறி மெல்ல மெல்ல நிற்கும். அதுவரை கேட்காத கடல் கேட்கத் தொடங்கும். பிறகு எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் நெருப்புப்பெட்டி உரசும் சத்தம்.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கதவு இருந்தது. இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரக்கதவு. அதன்மேல் அம்மா பின்னிய வெள்ளைத் துணி. பால்கனியில் அன்ரனா. படம் புள்ளி புள்ளியாக வந்தால் நான்தான் போய்த் திருப்ப வேண்டும். "காணும், போதும்... ஐயோ, கொஞ்சம் பின்னுக்கு" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள். அந்தப் பெட்டி எந்த வீடு மாறும்போது எங்கே போனது என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவின் தங்கச்சி, எனக்கு மாமி, எங்களோடு இருந்தார். முப்பதை நெருங்கியும் கலியாணம் ஆகவில்லை. காலி வீதியில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்தார். அங்கே மருந்து வாங்க வந்த ஒருவர், தமிழில் ஒரு தொடர் நாடகம் எடுக்கிறவர், மாமியைப் பார்த்து நடிக்க வருவீர்களா என்று கேட்டார். வீட்டில் பெரிய சண்டை. அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லை. கடைசியில், எடுக்கிறவர் முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்ததும், "வாத்தியார் எண்டால் சரி" என்றார். வாத்தியார் என்றால் ஏன் சரி என்று நான் கேட்கவில்லை.

நாடகத்தின் பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அரை மணித்தியாலம் வந்தது. ஒரு குடும்பத்துக் கதை. மாமி அதில் சின்ன மருமகள். மாமியார் கழற்றி வைத்த தாலிக்கொடி அலுமாரியிலிருந்து காணாமல் போகிறது. எல்லாரும் சின்ன மருமகளைச் சந்தேகப்படுகிறார்கள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. பகுதி பகுதியாக மாமி வாயே திறக்காமல் சுவரோடு நின்றார். ஒழுங்கையில் சனம் அவரைப் பார்த்து, "பிள்ளை, கொடியை எடுத்தனீரோ இல்லையோ? எங்களுக்கு மட்டும் சொல்லும்" என்று பகிடி பண்ணும். மாமி சொல்லமாட்டார். கதையை வெளியே சொல்வதில்லை என்று வாத்தியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்களுக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒரு நாள், தலை பின்னிவிடும்போது சொன்னார்:

"வாற செவ்வாய் பார். அதில நான் கதைப்பன். முழுக்க நான்தான்."

அந்தக் காட்சியை எடுத்து முடித்துவிட்டு வந்த பின்னேரம் மாமி சாப்பிடவில்லை. பால்கனியில் நின்றார். அம்மாவின் பச்சைச் சேலையைத்தான் உடுத்திக்கொண்டு போயிருந்தார், அதைக்கூட மாற்றவில்லை. படம் பிடித்தவர்கள் கைதட்டினார்களாம். அதை அம்மாவிடம் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. மருந்தகத்தில் நாளெல்லாம் மற்றவர்களுடைய இருமலையும் காய்ச்சலையும் கேட்டுக்கொண்டிருந்த மனுஷிக்கு, ஒருமுறை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறார்கள். அதை ஊரே பார்க்கப்போகிறது. வேறொன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில்தான் தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. சாதகக் குறிப்புப் பொருந்தியது, படம் பிடித்தது, எல்லாம் சரி. ஆனால் மாப்பிள்ளையின் தாயார் ஒவ்வொரு செவ்வாயும் நாடகம் பார்க்கிறவர். பெண் நடிப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தரகரிடம் இப்படிச் சொல்லி அனுப்பினார்:

"அந்தக் கொடியை அந்தப் பிள்ளை எடுத்ததோ இல்லையோ எண்டு தெரியட்டும். நாளைக்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால், கொடி எடுத்தவள் வாறாள் எண்டு சனம் சொல்லும். நாடகம் முடியட்டும், பாப்பம்."

அம்மா இதைக் கேட்டு நெற்றியில் கைவைத்தா. அப்பா, "அதில என்ன, கதையில பிள்ளை குற்றமில்லாமல்தான் இருக்கும்" என்றார். மாமி மருந்தகத்துக்கு வெளிக்கிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய் வந்தது. நாடகம் தொடங்கக் கொஞ்ச நேரத்துக்கு முன் எங்களுக்குக் கரண்ட் போனது. அம்மா மெழுகுதிரியைத் தொலைக்காட்சிக்கு மேலேயே வைத்தா. எல்லாரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஏதோ தெரியப்போகிறது போல. மாமி எழுந்து பால்கனிக்குப் போய், வெளிச்சம் தெரிந்த பக்கத்தைப் பார்த்தார். தெகிவளைப் பக்கம் கரண்ட் இருந்தது.

"அங்க நாடகம் போகுது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து சனம் மாமியிடம் சொல்லத் தொடங்கியது. இங்கேதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் பார்க்கவில்லை, ஆனால் பார்க்கவில்லை என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். மேல்வீட்டு அன்ரி, "களுபோவிலயில தங்கச்சி வீட்டை நிண்டனான், பாத்தனான். நல்லா அழுதனீர் பிள்ளை" என்றா. எதிர்வீட்டு ரீச்சர், "உம்மட அழுகையைப் பாத்து எனக்கும் அழுகை வந்திட்டுது" என்றா. மாமியோடு வேலை செய்த பெண்ணின் களனிச் சொந்தக்காரரும் அழுகையைத்தான் மெச்சினார்களாம். மாமி எல்லாருக்கும் "தாங்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்து, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"மச்சாள், நான் அதில அழவே இல்லை."

அம்மா உலைமூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்ப அழுத மாதிரித் தெரிஞ்சிருக்கும்" என்றா.

கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் நேராகச் சொன்னார். "பொய் செல்ல ஏலா தங்கச்சி. கரண்ட் இல்ல, நாங்க பாக்கல்ல. ஆனா பாத்ததா செல்ற ஆக்கள்ட்ட ஒண்டு கேளுங்க, நீங்க என்ன கலர் சாரி உடுத்திருந்தீங்க எண்டு." மாமி சிரித்தார். ஆனால் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் கரண்ட் இருந்தது. நாடகம் வரவில்லை. பழைய பாட்டுகள் போட்டார்கள். அதற்கு அடுத்த செவ்வாயும் பாட்டு. போன முறை இருட்டில் நாடகம் முடிந்துவிட்டது என்று ஒழுங்கை முடிவுகட்டிவிட்டது. மாமிக்கு மட்டும் இன்னும் பகுதிகள் எடுக்க இருக்கின்றன என்று தெரியும். "கரண்ட் பிரச்சினையால ஷூட்டிங் தள்ளிப்போகுது, அறிவிக்கிறம்" என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். ஆனால் அவரிடமிருந்தும் போன் வரவில்லை. பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால் மாமியின் முகம் நிமிரும். அவர்கள் வேறெங்கோ பார்ப்பார்கள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் செய்தது சரியில்லைப் போல. அதுதான் ஒருத்தரும் உண்மையாப் பாத்த மாதிரிக் கதைக்கேல்லை. வாத்தியாரும் கூப்பிடேல்லை."

அப்பா அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். என் அப்பா புறக்கோட்டையில் துணிக்கடையில் நின்றவர். கந்தோர், அலுவலகம் என்று போவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் சுபாவம் அவரிடமிருந்து வந்ததுதான். அடுத்த நாள் கலியாணங்களுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனார். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, எங்கே இருக்கிறீர், யாரைத் தெரியும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, உள்ளே மேசையில் இருந்த பெண்ணிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாளாம், "ஏக நெவெத்துவானே, மஹத்தயா." அதை நிறுத்தியாச்சே, ஐயா.

எப்போது என்று கேட்டார். அந்தச் செவ்வாய்க்கு முதலே என்று, எல்லாருக்கும் தெரியுமே என்பது போலச் சொன்னாளாம். மாமி கதைத்த அந்தப் பகுதி எங்கேயும் ஒளிபரப்பாகவே இல்லை. எங்களுக்கு இருட்டாக இருந்த அந்தச் செவ்வாய், கரண்ட் இருந்த இடங்களிலும் பாட்டுத்தான் போயிருக்கிறது. விளம்பரம் தருகிற ஆள் விலகிவிட்டாராம். அப்பா விடாமல், எடுத்த பகுதி இருக்கிறதா, எங்களுக்காவது ஒருமுறை பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அந்த நாடாவின்மேல் வேறு ஏதோ பதிந்துவிட்டார்களாம். என்ன பதிந்தார்கள் என்றும் அப்பா கேட்டார். என் அப்பா அப்படிக் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவே மாட்டேன். சமையல் நிகழ்ச்சியாம்.

அப்பா வந்து இதைச் சொன்னபோது மாமி முதலில் சிரித்தார்.

"அப்ப ஒருத்தரும் பாக்கேல்லையே? ஒருத்தருமே?"

"இல்லை பிள்ளை."

"நல்லதாப் போச்சு" என்றார். உண்மையான சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. சரியில்லை என்று ஒருவரும் நினைக்கவில்லையே. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சந்தோஷம் வடிந்தது. "சொல்லியிருக்கலாம்தானே" என்றார். "ஒரு போன். நிப்பாட்டிப்போட்டம் எண்டு. வாத்தியாருக்கும் சொல்லேல்லையோ தெரியாது. ரோட்டில போற சனத்தின்ரை முகத்தை நான் இத்தனை நாளாப் பாத்துக்கொண்டு திரிஞ்சன்." அன்றைக்கு அவர் அழுதார். மேல்வீட்டு அன்ரி பார்த்ததாகச் சொன்ன அழுகை அதுதான் போலும்.

இதற்குள் தரகர் தன் வேலையைச் செய்துவிட்டார். நாடகம் முடிந்ததாம் என்று ஊரில் கேட்டதும் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறார். கடைசிப் பகுதியைத் தானே பார்த்ததாகவும், சின்ன மருமகள் கொடியை எடுக்கவில்லை என்றும், மாமியார் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார். பிறகு எங்களிடம் வந்து குடையை மூலையில் சாத்திவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க வருகினம்" என்றார்.

"ஐயா, எந்த வீட்டில இருந்து பாத்தனீங்கள்?" என்று மாமி கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குப் பிள்ளை இப்ப? நல்ல காரியம் நடக்கேக்க கேள்வி கேக்கக்கூடாது."

அம்மா மாமியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. "மச்சாள், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவை வந்து போகும் மட்டும் நாடகத்தைப் பற்றி வாய் திறக்காதேங்கோ. கதையில என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. நிப்பாட்டினது ஒருவிதத்தில நல்லதுக்குத்தான்." அம்மா கெட்டவ இல்லை. மாமிக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும் என்றுதான் சொன்னா. ஆனாலும் அந்த "நல்லதுக்குத்தான்" என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தாயார், மாப்பிள்ளை, தரகர். மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், முழங்காலில் கைவைத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயார் கனத்த குரல்காரி. கழுத்தில் தடித்த கொடி. மாமி தேநீர்த் தட்டோடு வந்ததும் அவ முகம் மலர்ந்தது.

"ரீவியில பாத்த முகம்தான். எனக்கெண்டால் முதலே தெரியும், நீர் எடுத்திருக்கமாட்டீர் எண்டு. அண்டைக்கு எங்களுக்கும் கரண்ட் இல்லை, கடைசிப் பகுதி பாக்கக் கிடைக்கேல்லை. தரகர் சொன்னவர், மாமியார் மன்னிப்புக் கேட்டவவாம்."

அம்மா பலகாரத் தட்டை நீட்டினா. மாமி தேநீரை மேசையில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இல்லை அன்ரி. நான்தான் எடுத்தனான்."

தரகர் இருமினார். அப்பா, "பிள்ளை..." என்றார். மாமி திரும்பவில்லை. நாடகத்து மாமியாரைப் பார்ப்பது போலத் தாயாரை மட்டும் பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது. உரத்த குரல் இல்லை. மருந்தகத்தில் ஒருவருக்கு மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்கிற குரல்.

"உங்கட மூத்த மகன் வெளிநாடு போகக் கொடியைக் கேக்கப்போறார் எண்டு எனக்குத் தெரியும். கேட்டால் நீங்கள் எடுத்துக் குடுத்துப்போட்டு, எனக்கெதுக்கு இனி எண்டு சிரிப்பீங்கள். பிள்ளையள் காணியைக் கேட்டினம், குடுத்தீங்கள். காப்பைக் கேட்டினம், குடுத்தீங்கள். இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு ஒருத்தரும் பழக்கேல்லை. அதுதான் நான் எடுத்தனான். உங்கட தையல் மிஷின் இழுப்பு லாச்சிக்குள்ள கிடக்கு. கள்ளி எண்டு இவ்வளவு நாளும் சொன்னீங்கள், நான் வாய் திறக்கேல்லை. எடுத்தது எடுத்ததுதான். ஆனால் உங்கட பொருள் உங்களிட்டை இருக்கு. இனி அதை என்ன செய்யிறது எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கீழே ரயில் போனது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாயாரின் கை தன் கழுத்துக் கொடிக்குப் போய் அங்கேயே நின்றது. மாப்பிள்ளை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"பேந்து?" என்றா தாயார். "பேந்து மாமியார் என்ன சொன்னவ?"

"தெரியாது அன்ரி. அது அடுத்த கிழமை எடுக்க இருந்தது. அதுக்குள்ள நாடகத்தை நிப்பாட்டிப்போட்டினம்."

"நிப்பாட்டினவையோ? ஆரைக் கேட்டு நிப்பாட்டினவை? நாங்கள் இவ்வளவு நாளும் என்ன விசருக்கே பாத்தனாங்கள்?"

அந்த ஒரு நிமிடம் எனக்கு அந்த மனுஷியை நன்றாகப் பிடித்தது. பிறகு அவ எழும்பினா. "யோசிச்சு அறிவிக்கிறம்" என்று அப்பாவிடம் சொன்னா. படி இறங்கிப் போனார்கள்.

அறிவிக்கவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. தரகர் எங்கள் ஒழுங்கைக்கு வருவதையே விட்டுவிட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. பெண் வீட்டார் தாங்களாகக் கேட்கக்கூடாது என்று அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். போன் மணி அடித்தால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவா. எப்போதும் வேறு யாராவதாக இருக்கும். மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு போனை எடுத்தார். எண்ணை அவரே சுழற்றினார். அப்பா பத்திரிகையை இறக்கினார். அம்மா குசினி வாசலில் நின்றா.

"அன்ரியோ? நான் வெள்ளவத்தையில இருந்து கதைக்கிறன். ஓம், நான்தான்... இல்லை, அப்பிடி ஒண்டுமில்லை. இந்தச் சம்பந்தத்தை நாங்கள் நிப்பாட்டுறம். நீங்கள் காத்துக்கொண்டு இருக்கக்கூடாது எண்டு சொல்ல எடுத்தனான்."

மறுபக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் அன்ரி, விளங்குது. கோபமொண்டும் இல்லை. சொல்லாமல் நிப்பாட்டுறது சரியில்லைத்தானே, அதுதான்."

போனை வைத்துவிட்டு, அம்மாவிடம் சோறு போடச் சொன்னார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.